முதல் மாரத்தான்: செட்டிநாட்டிலிருந்து தயாராகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ விடியற்காலையில் ஓடும் பழக்கமுள்ள ஒருவர் பத்து கிலோமீட்டரைச் சிரமமின்றி முடிக்கத் தொடங்கியதும், வருகிற ஜனவரியிலேயே முழு மாரத்தான் ஓடிவிடலாமா என்ற எண்ணம் அவருக்கு எழுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு இணையத்தைத் திறந்தால் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஓட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அவை தவறானவை அல்ல. ஆனால் சித்திரை தொடங்கி ஆவணி வரை வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் கொண்ட நம் பக்கத்துக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் முன் இருக்கும் வழிகளை எடைபோட்டு, எனக்குச் சரியென்று படுவதைக் காரணத்தோடு இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். 42.195 கிலோமீட்டர் ஓடுவதற்குப் போதுமான தயாரிப்பு என்று நான் கருதுவது மூன்று விஷயங்களை: காயமில்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்பது, 28 கி.மீ. அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீண்ட ஓட்டங்களை மூன்று முறையாவது முடித்திருப்பது, போட்டியன்று உண்ணப்போவதையும் குடிக்கப்போவதையும் அந்த ஓட்டங்களிலேயே வயிற்றுக்குப் பழக்கியிருப்பது. வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. முதல் முறை ஓடுகிறவருக்கு வேகத்தைப் பற்றிய கவலை தேவையில்லை என்பதோடு, அந்தக் கவலைதான் பலரைக் காயத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதல் முடிவு காலத்தைப் பற்றியது. நேராக முழு மாரத்தானுக்குப் போவதா, இந்த ஆண்டு 21.1 கி.மீ. அரை மாரத்தானை ஓடிவிட்டு அடுத்த ஆண்டு முழுமைக்குப் போவதா? நேராகப் போவதில் ஒரு நன்மை உண்டு. உற்சாகம் சூடாக இருக்கும்போதே இலக்கை அடைந்துவிடலாம். ஆனால் உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தெம்பாகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் அந்தச் சுமைக்கு ஈடுகொடுக்கப் பல மாதங்கள் ஆகின்றன. மூச்சு வாங்கவில்லை என்பதால் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கும்போதுதான் இந்த இடைவெளியை உணர்கிறார். பத்து கிலோமீட்டரை வாரம் மூன்று முறை, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓடி வந்தவர் நேராகப் போகலாம். அப்படி இல்லாதவர் அனைவருக்கும் அரை மாரத்தான் வழியே பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதற்கு நம் ஊரில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை வெளியூர் அட்டவணைகள் அறியமாட்டா. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார்களும் நாட்டார்களும் காவடியோடு செல்லும் பாதயாத்திரையில் ஆண்டுதோறும் நடந்து பழகியவர்கள், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைப் பல நாட்கள் தொடர்ந்து காலால் கடந்தவர்கள். கொப்புளம் வரும் இடம் எது, இரவில் எத்தனை மணிக்குக் கால் கனக்கும், எந்த நேரத்தில் எதை உண்டால் வயிறு தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஓட்டத்தின் அதிர்ச்சி நடையில் இல்லை என்பதால் அவர்களும் பயிற்சியைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். ஆனாலும் பல மணி நேரம் நின்று நடந்து பழகிய அந்தக் கால்களை நம்பி அவர்கள் நேராக முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன்.

அடுத்தது வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுவது என்பது. உலகெங்கும் புழங்கும் திட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை வாரத்துக்கு மூன்றே நாள் ஓடச் சொல்லி, மற்ற இரண்டு நாட்களைச் சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ ஒதுக்குகிறது. ஹால் ஹிக்டன் என்ற பயிற்சியாளர் புதியவர்களுக்காக வகுத்த 18 வாரத் திட்டம் நான்கு நாள் ஓட்டத்தைக் கொண்டது. அதில் வார இறுதி நீண்ட ஓட்டம் ஏறத்தாழ 10 கி.மீ.யில் தொடங்கி 32 கி.மீ. வரை உயர்கிறது. ஹேன்சன்ஸ் முறை என்று அறியப்படுவது ஆறு நாள் ஓடச் சொல்கிறது. நீண்ட ஓட்டத்தை 26 கி.மீ.க்கு மேல் கொண்டுபோகாமல், வாரம் முழுவதும் சேரும் அசதியையே பயிற்சியாக்குகிறது.

கடை வைத்திருப்பவருக்கும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய தாய்க்கும் மூன்று நாள் முறை கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அந்த மூன்று நாளும் வேகக் கணக்கோடு ஓட வேண்டியவை. சோம்பலாக ஓடும் நாள் என்று ஒன்று அதில் கிடையாது. ஆடி மாதக் காற்றிலும் புரட்டாசிப் புழுக்கத்திலும் அந்த வேகங்களைப் பிடிக்க முயன்றால் புதியவருக்குக் கிடைப்பது களைப்பும் கெண்டைக்கால் பிடிப்பும்தான். ஆறு நாள் முறை அதைவிடக் கடினம். நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறவரின் கால்களுக்கு ஓய்வு கிடைக்கவே கிடைக்காது. ஆகவே நான்கு நாள் முறையையே நான் பரிந்துரைக்கிறேன், ஒரு மாற்றத்தோடு: 18 வாரத்தை 22 வாரமாக நீட்டிக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் வாரப் போட்டிக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பயிற்சி ஆரம்பமாகிவிடும். கூடுதலான நான்கு வாரங்கள் மழைக்கும் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் உரியவை. தீபாவளி வாரத்தில் நீண்ட ஓட்டம் தவறினால், இந்த இருப்பு இல்லாதவர் அடுத்த வாரம் இரண்டு வாரத் தூரத்தையும் சேர்த்து ஓட நினைக்கிறார். அதை மட்டும் செய்யக் கூடாது.

நான்கு நாட்களில் மூன்று நாள் ஓட்டமும் நிதானமாக இருக்கட்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டிரண்டு சொல்லாகத்தான் பேச்சு வருகிறது என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், கையிலுள்ள கடிகாரம் என்ன சொன்னாலும் சரி.

இனி, இடைவிடாமல் ஓடுவதா, ஓடி நடந்து ஓடுவதா என்ற கேள்வி. இங்கேதான் கூச்சம் குறுக்கே நிற்கிறது. போட்டியின் நடுவே நடப்பதைத் தோல்வியாக எண்ணுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, களைத்த பிறகு நடப்பதற்குப் பதிலாக முதல் கிலோமீட்டரிலிருந்தே கணக்கு வைத்து நடக்கும் முறையைப் பரப்பினார். களைப்பு வந்த பின் நடப்பவரின் கால் இறுகிவிடுகிறது. களைப்புக்கு முன்பே நடப்பவரின் தசைகள் மாறி மாறி இளைப்பாறுகின்றன என்பது அதன் அடிப்படை.

கணக்கையே பார்ப்போம். ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடக்கூடியவர் நான்கு நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம் என்ற விறுவிறுப்பான நடையில் நடந்தால், அவருடைய சராசரி கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்தை ஒட்டி அமையும். அந்த வேகத்தில் முழுத் தூரமும் 5 மணி 38 நிமிடத்தில் முடியும். ஆறு மணி நேரக் கெடு வைத்திருக்கும் போட்டிக்குத் தேவையான சராசரி கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி என்பதால், தண்ணீர் குடிக்க நிற்பதற்கும் கழிப்பறைக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் கையில் மீதியிருக்கிறது. இதே மனிதர் இடைவிடாமல் ஏழரை நிமிட வேகத்தில் ஓடத் தொடங்கி, முப்பதாவது கிலோமீட்டரில் கால் விட்டுப்போய்க் கடைசிப் பன்னிரண்டையும் தள்ளாடி நடந்தால் அதைவிட அதிக நேரமே ஆகும். கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் நிதானமாக ஓடக்கூடியவர் இடைவிடாத ஓட்டத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு ஓடி நடக்கும் முறையே நல்லது. ஆனால் அதைப் பயிற்சியின் முதல் வாரத்திலிருந்தே பழக வேண்டும்.

காலை நேரமா, மாலை நேரமா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்தாலும் நாளெல்லாம் காய்ந்த தார்ச்சாலை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். போக்குவரத்தும் அந்த நேரத்தில்தான் அதிகம். குறுகிய ஓட்டங்களை மாலையில் வைத்துக்கொள்ளலாம், நீண்ட ஓட்டத்தை விடியுமுன் நான்கு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்தக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகஸ்ட் மாதத்தில் நம் பக்கத்தில் பழகியவருக்கு ஜனவரி விடியல் இதமாகவே இருக்கும்.

தரையைப் பொறுத்தவரை மூன்று வாய்ப்புகள் நமக்கு உண்டு: தார்ச்சாலை, செம்மண் பாதை, கண்மாய்க் கரை. போட்டி தார்ச்சாலையில் நடக்கும் என்பதால் நீண்ட ஓட்டங்களில் பாதியாவது சாலையில் இருக்க வேண்டும். செம்மண் பாதை முழங்காலுக்கு இதமானது, வார நாட்களுக்கு ஏற்றது. கானாடுகாத்தானின் நேரான அகன்ற தெருக்களும் அதிகாலையில் வாகனத் தொல்லையின்றி ஓட உதவும். கண்மாய்க் கரையைக் கோடையில் மட்டுமே நம்பலாம். ஒரு மழை பெய்துவிட்டால் செம்மண் சேறாகி வழுக்கும். கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் ஒரு மாதம் போய்விடும்.

காரைக்குடிக்காரர்களுக்கு நீண்ட ஓட்டத்துக்கு நான் சொல்லும் வழி குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவது. போகவர ஏறத்தாழ 25 கி.மீ.; ஊருக்குள் ஒரு சுற்றுச் சேர்த்தால் 28 கி.மீ. ஆகிவிடும். முதல் நாள் மாலையே இருசக்கர வண்டியில் போய், குன்றக்குடியில் தெரிந்த டீக்கடையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் ஒரு சிறு பொட்டலத்தையும் கொடுத்து வைத்துவிடலாம்; கடைக்காரர் விடியுமுன் பாய்லரைப் பற்றவைக்கிறவராக இருந்தால் நம் நேரத்துக்குச் சரியாக இருக்கும். நெற்றி விளக்கும், ஒளி பட்டால் மின்னும் மேலாடையும் கட்டாயம். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு நம் கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓட வேண்டும். பெண்கள் இந்த நேரத்தில் தனியே ஓடுவதைவிட மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஓடுவதோ, வீட்டார் ஒருவர் வண்டியில் உடன் வருவதோ நல்லது. நாய்க்கூட்டம் உள்ள இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடப்பதே போதும்.

உணவு விஷயத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பயிற்சியைச் சரியாகச் செய்தவர்கள்கூட இங்கே தவறுகிறார்கள். தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்; அதிலிருந்து கிடைப்பது 1,600 முதல் 2,000 கிலோகலோரி. ஓட்டத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் 2,700 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பு ஒரு பகுதியை ஈடுகட்டினாலும் அது மெதுவாகத்தான் எரியும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் திடீரென்று கால் நகர மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும், பாகு போன்ற ஜெல் பொட்டலம் ஒன்றில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். விழுங்க எளிது, சட்டைப்பையில் அடங்கும், ஆனால் விலை அதிகம், சிலருக்குக் குமட்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறது, வயிறு தாங்கும், ஆனால் பையில் நசுங்கும். பனங்கற்கண்டு கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரைதான். முப்பது கிராமைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு துண்டாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் செலவு குறைவு, வயிற்றுக்கும் உறுத்தலில்லை. என் தேர்வு முதல் பாதியில் பனங்கற்கண்டும் வாழைப்பழமும், களைப்பில் மெல்லப் பிடிக்காத கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு ஜெல்லும். முதல் நாள் இரவு இடியாப்பமோ இட்லியோ நல்லது; நார்ச்சத்து மிகுந்த கவுனி அரிசியும், எண்ணெயில் பொரித்த பணியாரமும், காரக் குழம்பும் அன்றைக்கு வேண்டாம். உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த கும்மாயத்தை ஓடி முடித்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரா, ஓ.ஆர்.எஸ். கரைசலா என்பதில் ஒரு தெளிவு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் கரைக்கும் பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராமும் சமையல் உப்பு 2.6 கிராமும் இருக்கின்றன. அது உப்பையும் நீரையும் ஈடுசெய்யும்; ஓடும் சக்திக்கு அதை நம்பக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் தண்ணீரையும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் மாற்றி மாற்றிக் குடிப்பதே பொருத்தம். எவ்வளவு குடிப்பது என்பதை எடைக் கருவி சொல்லிவிடும். ஓடுமுன் 64 கிலோ இருந்தவர் இரண்டு மணி நேரம் ஓடி 800 மில்லி குடித்தபின் 62.8 கிலோ இருந்தால், அவர் இழந்தது ஏறத்தாழ இரண்டு லிட்டர், அதாவது மணிக்கு ஒரு லிட்டர். அந்த இழப்பு முழுவதையும் ஓடும்போதே ஈடுசெய்ய வேண்டியதில்லை. இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

காலணியில் அதிகம் குழம்ப வேண்டாம். இரண்டு சோடியை மாற்றி மாற்றி அணிவது நல்லது, மழைக்காலத்தில் ஒன்று காய நேரம் கிடைக்கும். போட்டிக்கு அணிவதை ஒரு நீண்ட ஓட்டத்திலாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சியாளர் விஷயத்தில், பழைய காயம் உள்ளவருக்கு நேரில் நடையைப் பார்த்துச் சொல்லும் இயன்முறை மருத்துவர் உதவுவார். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் ஒரு தோழர், மாதச் சந்தா கட்டும் இணையப் பயிற்சியைவிடப் பெரிய துணை.

எந்தப் போட்டி? ஜனவரி தொடக்கத்தில் சென்னை, ஜனவரி மூன்றாம் ஞாயிறையொட்டி மும்பை, பிப்ரவரியில் ஆரோவில் என்று மூன்றை வைத்துப் பார்க்கலாம். மும்பையின் கூட்டமும் ஆரவாரமும் தனி அனுபவம். ஆனால் பயணச் செலவு அதிகம், கால்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பெடர் சாலை ஏற்றம் வரும், நம் சமதரையில் அதற்குப் பழகுவது கடினம். ஆரோவில் ஓட்டம் செம்மண் காட்டுப் பாதையில், நேரப் போட்டியும் பரிசும் இல்லாமல் நடப்பது. மழைக்குப் பின் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைப்பதால் நவம்பர் மழையில் பயிற்சி தவறியவருக்கு மிகவும் ஏற்றது. சென்னை சமதரை, ஆனால் கடலோர ஈரப்பதம் நம் ஊரைவிட அதிகம். அதிகாலையில் காரைக்குடியிலிருந்து புறப்படும் பல்லவன் விரைவு ரயிலில் இரண்டு நாள் முன்னதாகப் போனால் நண்பகல் வாக்கில் சேர்ந்து, நல்ல ஓய்வும் எடுத்துவிடலாம். முதல் முறைக்கு என் வாக்கு சென்னைக்கே.

பெயர் கொடுக்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களுக்கும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இது தவிர்க்கக் கூடாதது. மழைக்காலத்தில் டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்தால் காய்ச்சல் விட்டதும் ஓடத் தொடங்காமல், மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும். கடைசி மூன்று வாரங்களில் தூரத்தை மெல்லக் குறைத்து, இறுதி வாரத்தில் வழக்கத்தில் பாதிக்கும் கீழாகக் கொண்டுவர வேண்டும். மார்கழி விடியலின் குளிர்ச்சியில் கூடுதலாக ஓடிப் பார்க்கத் தோன்றும், அப்போது ஓடுவதால் போட்டிக்கு எந்தப் பலமும் சேராது.

மார்கழி பிறக்கும்போது நாட்குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். 28 கி.மீ.யை ஒட்டிய மூன்று ஓட்டங்களும் முடிந்திருந்தால் முழுமைக்கே போகலாம். இரண்டு முடிந்து, உடலில் வலியும் இல்லையென்றால், ஓடி நடக்கும் முறையில் நடை நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒன்றோடு நின்றிருந்தால், அல்லது ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், போட்டி நடத்துவோரிடம் கேட்டு அரை மாரத்தானுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான கடைசித் தேதியைப் பெயர் கொடுக்கும் நாளிலேயே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.